ஆறு மூலை ட

பாடியில், டயர் கடைக்குப் பின்சந்தில்
எங்கள் ரௌட்டருக்கு நேர் மேலே
செலஸ்டினாவின் கட்டில்.
கீழ்ப்பாக்கத்தில் இரவு டூட்டி முடித்து வந்து
ஒன்பது மணிக்குப் படுப்பாள்.
ஒன்பதரைக்கு நாங்கள் ஷட்டரைத் தூக்குவோம்.

கொரட்டூர் ரயில் அவளை எழுப்பியதில்லை.
ரயில் சொல்லிட்டு வருது, என்பாள்,
உங்க மெஷின்தான்
நேரா போயிட்டே இருந்து
திடுக்குன்னு நின்னு திரும்புது.
அந்தத் திடுக்கு என் பல்லுல விழுது.

படுத்தபடியே எண்ணப் பழகிவிட்டாள்.
ஆறு உதறல் என்றால் ட.
எட்டு என்றால் ப.
சாயங்காலம் பால் வாங்க இறங்குகையில்
இன்னிக்குப் பட்டுக் கடை போர்டா, என்பாள்.
பட்டுக் கடைதான்.

அவள் தூக்கத்துக்காக மட்டும் என்று சொன்னால் பொய்.
மூலை தாண்டியதும் அக்ரிலிக் விளிம்பில்
நாலைந்து அலை எழுந்து அடங்கியிருக்கும்.
டியூப் லைட்டில் தெரியாது,
வெயிலில் தெரியும்.
எல்லாரும் வெயிலில்தான் மாட்டுகிறார்கள்.

வேகத்தைக் குறைத்தேன்.
அக்ரிலிக் உருகிப் பிட்டைச் சுற்றிக்கொண்டது.
முபாரக் பழைய கிரைண்டர் கல்லைத் தூக்கி
ஃபிரேம்மேல் வைத்தான்.
மெஷின் கல்லையும் சேர்த்து உதறியது.
கால் குழாய்களுக்குள்
எம் சாண்டைச் சலித்து, தட்டித் தட்டி நிரப்பினோம்.
ஐப்பசி; மணல் காயவே நாலு நாள்.
கேன்ட்ரியின் இடது போல்ட் ஒன்று
ஒன்றரைச் சுற்று தளர்ந்திருந்தது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

முடுக்கத்தை எண்ணூறிலிருந்து முன்னூறுக்கு இறக்கியபின்
உதறல் ஆறும் ஆறாகவே இருந்தது,
செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது போல.

அப்புறம்தான் அந்த ஆர்டர்.
கொளத்தூரில் திறக்கப்போகும் டீக்கடை,
பெயர் வட்டம்.
பன்னிரண்டு மில்லி, சிவப்பு.
வட்டம் என்று எழுத இரண்டு ட வேண்டும்,
பன்னிரண்டு மூலை.
தமிழ் சிரிக்காமல் செய்கிற காரியம்.

உள்மூலை இரண்டையும் விட்டுவிடலாம்.
பிட்டின் வயிறு எப்படியும் அவற்றை உருட்டிவிடும்.
வெளிமூலை பத்து,
அங்கேதான் கடைக்காரர் விரல் வைப்பார்.
மழுக்கினால் ட இல்லை,
வளைத்த பைப்பு.

ராத்திரி பதினொன்று வரை
திரையில் கோட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
மூலையில் ஏன் திரும்ப வேண்டும்?
தாண்டிப் போகட்டும்.
வேண்டாத ஷீட்டுக்குள் இறங்கி
ஒரு சின்னச் சுற்று சுற்றி
அதே மூலைக்கு வந்து அடுத்த கோட்டைப் பிடிக்கட்டும்.
பாடி மேம்பாலத்தில்
வலப்பக்கம் போக வேண்டியவன்
தாண்டிப் போய், இடப்பக்கம் வளைந்து
சுற்றி வருகிறானே,
அதேதான்.
பத்து வருஷமாக அந்தப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பத்தரைக்கு ஓட்டினேன்.
ஸ்பிண்டில் ஒரே சுருதியில் நின்றது.
ஃபிரேம்மேல் வைத்த டீ
விளிம்பு நிறைய இருந்து சிந்தவில்லை.
எமர்ஜென்சி பட்டன்மேல் வைத்த கையை
முதல் ட முடியும்வரை முபாரக் எடுக்கவில்லை.
ஏழு நிமிஷம் கூடுதல்.
எழுத்துக்கு எழுத்து இரண்டு விரல் ஷீட்டும் கூடுதல்,
அதைப் பில்லில் என்னவென்று போடுவது?

ஆறு மணிக்குச் செலஸ்டினா இறங்கினாள்,
கன்னத்தில் தலையணை மடிப்போடு.
மெஷின் ரிப்பேரா?
ஓடிச்சே.
என்ன எழுத்து?
இதுவரை அவள் கேட்டதில்லை.

எழுத்துகள் பேப்பர் சுற்றி ஆட்டோவில் போய்விட்டன.
மிஞ்சிய ஷீட்டைத் தூக்கிக் காட்டினேன்.
ட இருந்த இடம் ஓட்டையாக இருந்தது,
மூலைக்கு ஒரு காது முளைத்து.
வாங்கி, தெருவிளக்குக்கு எதிரே பிடித்து
ஒவ்வொரு காதிலும் சுண்டுவிரலை விட்டு எண்ணினாள்.

அஞ்சுதான் இருக்கு, என்றாள்,
ஆறாவது எங்கே?